பெரியம்மா என்பவர் ஆன்ட்டி அல்லர்

சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்து மழைநாள் ஒன்றில் என் பெரியம்மாவை மருத்துவமனை ஒன்றில் சேர்க்க நேர்ந்தது. சேர்க்கை மேசையில் இருந்த இளைஞர், "பேஷண்ட்டுக்கு நீங்க என்ன வேணும்?" என்று கேட்டார். "பொண்ணு" என்றேன். கணினித் திரையைப் பார்த்தார். "போன தடவை வந்தப்போ, பசங்க இல்லைன்னு எழுதியிருக்காங்களே மேடம்?"

"இவங்க எங்க பெரியம்மா. எங்க அம்மாவோட அக்கா. என்னை வளர்த்தவங்க."

"அப்ப ஆன்ட்டின்னு சொல்லுங்க" என்று தட்டச்சிட்டார். அறுவை சிகிச்சைக்கான ஒப்புதலில் கையெழுத்திட 'நெருங்கிய சொந்தம்' யாராவது வரவேண்டும் என்றும் சொன்னார். நான் எவ்வளவு பேசியும் பயனில்லை. இரண்டு மணி நேரம் கழித்து, திருக்கழுக்குன்றத்திலிருந்து பெரியப்பாவின் தம்பி மகன் பேருந்து பிடித்து வந்து சேர்ந்தான். பத்து ஆண்டுகளில் பெரியம்மாவை அவன் மூன்று முறை பார்த்திருப்பான். "என்ன வேணும்?" என்ற அதே கேள்விக்கு "மகன்" என்றான். மறுகேள்வி இல்லை. கையெழுத்திட்டான்.

அவன் பொய் சொல்லவில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். தமிழ் முறைப்படி கொழுந்தன் மகன் மகனே. அதே முறைப்படி தங்கை மகளும் மகளே. நாங்கள் இருவரும் ஒரே இலக்கணத்தைத்தான் பேசினோம். ஒருவர் சொல் ஏற்கப்பட்டது, மற்றவர் சொல் மொழிபெயர்க்கப்பட்டது. மொழிபெயர்த்தவுடன் அதன் உரிமையும் போயிற்று. பெரியம்மா நலமுடன் வீடு திரும்பிவிட்டார். என்னால் மட்டும் அந்தச் சொல்லிலிருந்து திரும்ப முடியவில்லை.

நான் செங்கல்பட்டுப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் தமிழ் கற்பிப்பவள். வகுப்பில் ஆண்டுதோறும் 'முறைப்பெயர்' என்ற இலக்கணக் கலைச்சொல்லை இரண்டு நிமிடத்தில் கடந்து போயிருக்கிறேன். இவ்வாண்டு அப்படிக் கடக்க இயலவில்லை. அந்த இரண்டு நிமிடத்தின் நீட்சிதான் இக்கட்டுரை.

*

உறவைக் குறிக்கும் சொற்களுக்குத் தொல்காப்பியம் வைத்த பெயர் 'முறைப்பெயர்'. முறை என்ற சொல்லைச் சற்று நின்று பார்க்க வேண்டும். எங்கள் பகுதி ஏரிப்பாசனப் பகுதி. வயலுக்கு வயல் நீர் பாய்ச்சுவதற்கு இங்கே முறை உண்டு. என் முறை முடிந்தால் உன் முறை. நீதி கேட்டுச் செல்வது முறையிடுதல். ஒழுங்கு தவறியது முறைகேடு. இத்தனை பொருளும் சுமந்த சொல்லைத்தான் உறவுக்கும் வைத்தார்கள். "அவர் உனக்கு என்ன முறை?" என்று கேட்கும்போது இரத்தத் தொடர்பு மட்டும் கேட்கப்படுவதில்லை. நீ அவருக்கு என்ன செய்யக் கடமைப்பட்டவள், அவரிடம் என்ன கேட்க உரிமையுடையவள் என்பதும் சேர்த்தே கேட்கப்படுகிறது.

இன்னொன்று. முறைப்பெயரைத் தொல்காப்பியம் விரவுப்பெயர்களின் வரிசையில் வைக்கிறது. அதாவது உயர்திணைக்கும் அஃறிணைக்கும் பொதுவான பெயர். தாய் வந்தாள் எனலாம், கன்றைத் தேடித் தாய் வந்தது எனலாம். மனிதருக்கு மட்டுமே உரியது உறவு என்று நம் இலக்கணம் கருதவில்லை.

சங்கத் தமிழில் இச்சொற்கள் இன்னும் நுட்பமாக இருந்தன. என் தாய் 'யாய்'. உன் தாய் 'ஞாய்'. அவர் தாய்தான் 'தாய்'. அவ்வாறே எந்தை, நுந்தை, தந்தை. எம்பி, நும்பி, தம்பி. எங்கை, நுங்கை, தங்கை. குறுந்தொகையின் நாற்பதாம் பாடலை அறிந்தோர் யாய், ஞாய், எந்தை, நுந்தை என்ற நான்கையும் ஒரே இடத்தில் கண்டிருப்பர். யாருடைய தாய் என்ற செய்தி சொல்லுக்குள்ளேயே இருந்தது. யாருக்கும் உரியவராக இல்லாத, பொத்தாம்பொதுவான 'தாய்' என்ற ஒருவர் அம்மொழியில் இல்லை. இன்று நாம் 'என் தம்பி' என்கிறோம். சொற்பிறப்பை நோக்கினால், 'என் அவர்தம்பி' என்று சொல்வதற்கு ஒப்பாகும் அது. மூன்றில் இரண்டைத் தொலைத்து, படர்க்கைச் சொல் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறோம். ஆகவே உறவுச்சொற்கள் தேய்வது ஆங்கிலத்தால் வந்த புதுநோய் என்று அழுவோர் சற்றுப் பொறுக்க வேண்டும். தேய்மானம் பழையது.

*

சரி, பெரியம்மா ஏன் ஆன்ட்டி ஆகமாட்டார்?

ஆங்கிலத்தில் தாயின் தமக்கை, தாயின் தங்கை, தந்தையின் உடன்பிறந்தாள், தாய்மாமன் மனைவி, சிற்றப்பன் மனைவி ஆகிய அனைவரும் ஒரே சொல்லில் அடங்குவர். தமிழில் இவர்கள் இரண்டு அணியாகப் பிரிகின்றனர். தாயின் உடன்பிறந்தாள் தாய்: பெரிய அம்மா, சின்ன அம்மா. தந்தையின் உடன்பிறந்தான் தந்தை: பெரிய அப்பா, சிற்றப்பா. இவர்கள் பிள்ளைகள் எனக்கு அண்ணன், அக்கா, தம்பி, தங்கை; 'கசின்' அல்லர். மறு அணியில் இருப்போர் தந்தையின் உடன்பிறந்தாளும் தாயின் உடன்பிறந்தானும்: அத்தை, மாமன். இவர்கள் பிள்ளைகள் உடன்பிறப்பு ஆகார். அவர்கள் மணமுறை உடையோர். அதனால்தான் தந்தையின் தங்கைக்கும், மாமன் மனைவிக்கும், கணவனின் தாய்க்கும் அத்தை என்ற ஒரே சொல் போதுமானதாக இருக்கிறது. அத்தை மகனை மணந்தவளுக்கு இம்மூவரில் இருவர் ஒரே ஆளாகவே இருப்பர்.

இந்த அழகைக் கண்டு வியந்தவர்களுள் அமெரிக்கரான லூயிஸ் ஹென்றி மார்கன் ஒருவர். நியூயார்க் மாநிலத்துச் செவ்விந்தியரான செனகா மக்களின் உறவுச்சொற்களைத் தொகுத்துக்கொண்டிருந்தவர் அவர். ஆர்க்காட்டுப் பகுதியில் சமயப்பணி செய்த ஸ்கட்டர் குடும்பத்தார் வழியே தமிழ் உறவுச்சொற்கள் அவருக்குக் கிடைத்தன. தாயின் தமக்கையைத் தாய் என்றே அழைக்கும் வழக்கம் இரு மக்களிடமும் இருப்பதைக் கண்டு திகைத்தார். 1871இல் வெளிவந்த அவருடைய பெருநூலில் தமிழ் முறைப்பெயர்களுக்குத் தனியிடம் உண்டு. செவ்விந்தியர் ஆசியாவிலிருந்து வந்தவர் என்பதற்கு இதையே சான்றாக அவர் கொண்டது தவறு. ஆனால் உறவுச்சொற்களைக் கொண்டு சமூகத்தைப் படிக்கலாம் என்ற மானிடவியல் துறையே அங்கிருந்துதான் வேர்பிடித்தது. பின்னர் 1953இல் பிரெஞ்சு அறிஞர் லூயி துய்மோன் ஒரு கருத்தைச் சொன்னார். மாமன் என்பவரை 'தாயின் சகோதரன்' என்று மொழிபெயர்ப்பதே பிழை, 'தந்தையின் மைத்துனன்' என்றே அவரைப் பார்க்க வேண்டும், மணவுறவும் நம்மிடம் தலைமுறை தலைமுறையாக வழிவருவது என்பது அவர் வாதம். 1981இல் தாமஸ் டிரவுட்மன் திராவிட உறவுமுறை பற்றித் தனி நூலே எழுதினார். நம் வீட்டுத் திண்ணையில் பாட்டிமார் அறிந்திருந்த கணக்கை உலகம் நூறாண்டு உட்கார்ந்து படித்திருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. இதைக்கொண்டு "தமிழைப்போல் உண்டா" என்று மார்தட்டப் புறப்படுவோருடன் நான் வரமாட்டேன். ஒவ்வொரு மொழியும் தனக்கு முக்கியமானதைச் சொல்லில் வைத்திருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவில், நைஜீரியாவின் தென்மேற்கிலும் அதை அடுத்த பெனின் நாட்டிலும் பேசப்படும் யொரூபா மொழியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் அண்ணன், அக்கா என்ற வேறுபாடு இல்லை. மூத்தவர் யாராயினும் 'எக்பொன்'. இளையவர் யாராயினும் 'அபுரோ'. ஆணா பெண்ணா என்பதைவிட மூப்பே அங்கே முதன்மை. இதை மையமாக வைத்து ஒயெரொன்கே ஒயேவுமி என்ற பெண் அறிஞர் 1997இல் ஒரு நூல் எழுதினார். ஐரோப்பியர் வருமுன் யொரூபாச் சமூகத்தை ஒழுங்குபடுத்தியது பால் அன்று, வயதுதான் என்பது அவர் துணிபு. அதை மறுப்போரும் உண்டு. எனினும் ஒரு மொழியின் உறவுச்சொல்லை இன்னொரு மொழியின் கட்டத்தில் அடைத்தால் மனிதரே மாறிவிடுவர் என்ற அவர் எச்சரிக்கையை, மருத்துவமனை மேசைமுன் நின்ற நான் மறுக்கமாட்டேன்.

நம்மோடு ஒத்துப்போவதும் அம்மொழியில் உண்டு. பிள்ளை பெற்றவளை அவள் பெயரால் அழைக்காமல், தாய் எனப் பொருள்படும் 'இயா' என்ற சொல்லோடு பிள்ளையின் பெயரைச் சேர்த்து அழைப்பர். நம் தெருவில் 'முருகன் அம்மா' என்று அழைப்பதைப் போல. இரட்டையருள் முதலில் பிறந்தது தைவோ, பின்னர்ப் பிறந்தது கெஹிண்டே. ஆனால் பின்னர்ப் பிறந்ததே மூத்தது என்பர். உலகம் எப்படி இருக்கிறதென்று பார்த்துவரத் தம்பியை முன்னே அனுப்பிற்றாம் அது! மூப்பு என்பது பிறந்த நேரம் மட்டுமன்று என்று அவர்கள் கருதினர். நம் மாமல்லபுரத்தில் பல்லவர் குடைந்த கற்றளிகளுக்கும் பாண்டவருக்கும் ஒரு தொடர்பும் இல்லை. பிற்கால மக்கள் அவற்றுக்குத் தருமன், பீமன், அருச்சுனன், திரௌபதி என்று பெயர் சூட்டி, இரட்டையரான நகுல சகாதேவருக்குச் சேர்த்து ஒன்றே ஒன்றைக் கொடுத்தனர். கல்லை நிற்கவைத்தாலும் அதற்கு அண்ணன் தம்பி கட்டிவிடும் மக்கள் நாம்.

*

இனி, சொல்லத் தயங்குவதையும் சொல்ல வேண்டும். முறை இனிமையானது மட்டுமன்று.

முறை என்ற சொல்லே 'முறைப்பெண்' என்றாகும்போது கயிறாகிறது. பிறந்தபோதே 'இவள் இன்னாருக்கு' என்று முடிவாகிவிட்ட பெண்கள் எத்தனை பேர்! 2019–21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் ஏறத்தாழ 28 விழுக்காட்டினர் உறவுக்குள் மணமுடித்தவர்கள். அவர்களுள் விரும்பி மணந்தோரும் இருப்பர். ஆனால் என் வகுப்பில் கடைசி ஆண்டுத் தேர்வெழுதாமல் காணாமற்போன மாணவியரில் சிலருக்குப் பின்னால் ஒரு தாய்மாமன் இருந்தார் என்பதை நான் அறிவேன்.

அடுத்து, 'பங்காளி'. பங்குக்கு உரியவன் பங்காளி. இதற்கு இணையான 'தாயாதி' என்ற சொல்லைத் 'தாய்' என்பதிலிருந்து வந்ததாக மாணவர்கள் எழுதுவர். அது பிழை. தாயம் என்றால் உரிமைப்பங்கு. வடமொழி 'தாயாத'தின் வழிவந்தது அச்சொல். அதில் தாய்க்கு இடமே இல்லை என்பதுதான் உண்மை. ஒரு பாட்டன் வழிவந்த ஆண்களே பங்காளிகள். இக்கடற்கரையில் மீன்பாட்டையும் பங்கு என்றுதான் பிரிக்கின்றனர். படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஏறிய ஆளுக்கு ஒரு பங்கு. கரையில் நின்று அதை ஏலம் கூறி வாங்கி, கூடையில் சுமந்து விற்றுப் பணமாக்கும் பெண்ணைப் பங்காளி என்று யாரும் சொல்வதில்லை.

1989இல் தமிழ்நாடு அரசு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, பூர்விகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான உரிமை தந்தது. அந்நாளுக்கு முன்னரே மணமானவர்களுக்கு அது பொருந்தவில்லை. 2005இல் நாடு முழுமைக்குமான திருத்தம் வந்தது. அதாவது சட்டத்தின் கண்ணில் அக்காவும் தங்கையும் இன்று பங்காளிகளே. மொழியின் கண்ணில்? "என் பங்காளி" என்று தன் தங்கையை அறிமுகப்படுத்திய ஓர் ஆணை நான் இன்னும் சந்திக்கவில்லை. மாறாக, சார்பதிவாளர் அலுவலகத்தில் விடுதலைப் பத்திரம் என்ற ஒன்றில் பெண்கள் கையெழுத்திடுகின்றனர். எவ்வளவு அழகான பெயர்! நானும் இட்டிருக்கிறேன். பட்டுப்புடவையும் வெற்றிலைத்தட்டும் கொடுத்து, "அத்தை சீர் என்னைக்கும் உனக்குத்தான்" என்றனர். அத்தை என்ற அந்த இனிய சொல் அன்று எனக்கு விலையாகத் தரப்பட்டது. அப்போது அது உறைக்கவில்லை. மருத்துவமனையில் தம்பி முறையான ஒருவன் 'மகன்' என்று சொன்னதை உடனே நம்பிய உலகம், நான் 'பொண்ணு' என்றதை நம்பாதபோதுதான் உறைத்தது.

மூன்றாவது, சாதி. உறவு இல்லாதவரையும் உறவுச்சொல்லால் அழைப்பது நம் பண்பு என்று பெருமைப்படுகிறோம். உண்மைதான். ஆனால் என் சிறுவயதில் எங்கள் ஊர்த்தெருவில், பத்து வயதுச் சிறுவன் ஒருவன் சேரியிலிருந்து களத்துக்கு வந்த எழுபது வயதுப் பெரியவரைப் பெயர் சொல்லி, ஒருமையில் அழைத்ததைப் பார்த்திருக்கிறேன். அவர் அவனுக்குத் தாத்தா ஆகவில்லை. அன்று யாரும், நான் உட்பட, அதை முறைகேடு என்று சொல்லவில்லை. ஒரு சொல் யாருக்கெல்லாம் மறுக்கப்பட்டது என்பதும் அச்சொல்லின் பொருளில் சேர்ந்ததே. எந்த அகராதியும் அதைத் தருவதில்லை.

*

இவ்வளவு குறைகள் இருக்க, இச்சொற்கள் போனால் போகட்டுமே என்று சிலர் கேட்கலாம். என் மாணவியே கேட்டாள்: "அங்கிள், ஆன்ட்டில இந்தப் பிரச்சினை எதுவுமே இல்லையே மிஸ்?" நல்ல கேள்வி. அங்கிள் என்ற சொல்லுக்கு உங்களை மணக்கும் உரிமை இல்லை. நிலத்தில் பங்கும் இல்லை. சாதி தெரியாத நகரத்து அடுக்ககத்தில் அச்சொல் ஒரு விடுதலையாகவே வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உரிமை இல்லாத சொல்லுக்குக் கடமையும் இல்லை. நள்ளிரவில் கதவைத் தட்டி எழுப்ப ஆன்ட்டி போதமாட்டார், பெரியம்மா வேண்டும்.

ஆயினும் இச்சொற்களை அழிப்பது ஆங்கிலம் மட்டுமன்று, எண்ணிக்கையும்தான். மேற்சொன்ன அதே கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தைகள். இரு தலைமுறை ஒற்றைப் பிள்ளையோடு நின்றால், பேரக்குழந்தைக்குப் பெரியம்மா இல்லை, சித்தப்பா இல்லை, அத்தை இல்லை, மாமன் இல்லை. ஓரகத்தி, சகலை, நாத்தனார் என்பவை தேர்வுக்குப் படிக்கும் சொற்களாகும். இவ்வாண்டு முதலாண்டு வகுப்பில் 'ஓரகத்தி' யார் என்று கேட்டேன். பலர் ஏதோ மூலிகை என்று நினைத்தனர். நான் சிரித்தேன், பிறகு வருந்தினேன். அவர்கள் வீட்டில் அப்படி ஒருவர் இல்லை. இல்லாதவருக்குச் சொல் எதற்கு?

அப்படியானால் வழி என்ன? மாமல்லபுரத்தில் மாசிமகத்தன்று நான் கண்டதைச் சொல்கிறேன். ஆண்டுதோறும் அம்முழுநிலவு நாளில் வட மாவட்டங்களின் இருளர் மக்கள் கடற்கரைக் கோயிலை ஒட்டிய மணலில் கூடுகின்றனர். பழஞ்சேலைகளைக் கட்டிக் கூடாரம் அமைத்துத் தங்குகின்றனர். விடியற்காலையில் தங்கள் கன்னியம்மனைக் கடலோரம் வழிபட்டு, பிள்ளைகளுக்கு மொட்டையும் காதுகுத்தும், இளையோருக்குத் திருமணமும் அங்கேயே முடிக்கின்றனர். செங்கற்சூளையிலும் அரிசி ஆலையிலும் விறகுவெட்டிலும் சிதறடிக்கப்பட்ட மக்கள் அவர்கள். அன்று ஒரு கிழவி, தன் முன்னே நின்ற இளம்பெண்ணின் முகவாயைப் பிடித்து, "நீ எனக்கு என்ன முறை ஆவுற தெரியுமா?" என்று தொடங்கி, ஊர்களையும் பெயர்களையும் ஒவ்வொன்றாக அடுக்கி, கடைசியில் "பேத்தி!" என்று முடித்தார். அந்தப் பெண் அதுவரை அறியாத ஓர் ஆயா அவளுக்கு அங்கே கிடைத்தார். சொல்லைக் காப்பாற்றும் வழி இதுவே. கூடுதல் வேண்டும். முறையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

அதே கடற்கரையில் சங்கு, பாசிமணி விற்கும் சிறுமி, முன்பின் அறியாத என்னை "அக்கா" என்றே அழைத்தாள். வாங்கவைக்கும் தந்திரம் என்று சொல்லலாம். இருக்கட்டும். சாதி கேட்காமல், நிலம் கேட்காமல், மணம் பேசாமல் நீளும் அந்த 'அக்கா'தான் இச்சொற்களின் எதிர்காலம் என்று நான் நம்புகிறேன். முறையிலிருந்து கட்டாயத்தைக் கழற்றிவிட்டுக் கடமையை மட்டும் வைத்துக்கொள்ள முடிந்தால், அதுவே நம் தலைமுறை செய்யத்தக்க திருத்தம்.

என் வேண்டுகோள் இரண்டுதான். ஒன்று, படிவம் எழுதுவோருக்கு. உறவு என்ற கட்டத்தில் நோயாளியோ உடன்வந்தவரோ சொல்லும் சொல்லை அப்படியே எழுதுங்கள். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் இரண்டாம் வகுப்பு வாரிசுப் பட்டியலில் தாயின் சகோதரனும் சகோதரியும் கடைசிப் பதிவில் நிற்கின்றனர். சொத்துக்கு அவ்வரிசை இருந்துவிட்டுப் போகட்டும். நோய்ப்படுக்கையின் அருகே அவ்வரிசை வேண்டாம். இரண்டு, நம் போன்றோருக்கு. வீட்டுப் பிள்ளைகளிடம் உறவுச்சொற்களைப் பட்டியலாக ஒப்பிக்கச் சொல்லாதீர்கள். ஆளைக் காட்டிச் சொல்லுங்கள். உடன்பிறந்தாளைப் பங்காளி என்றும் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். நாக்கு சற்றுத் தடுமாறும், பழகிவிடும்.

நேற்று மறுபரிசோதனைக்குப் பெரியம்மாவை அழைத்துச் சென்றேன். அதே மேசை, வேறு ஒரு பெண். "யாரும்மா கூட வந்திருக்கறது?" என்றாள். நான் வாய் திறக்கும்முன் பெரியம்மா சொன்னார்: "எம் பொண்ணு. எழுதிக்கோ."

அந்தப் பெண் எழுதிக்கொண்டாள்.